இடது காதுக்கு ஒரு விசாரணை

என் கணவரின் இடது கன்னத்தில், காதோடு சேர்த்து, ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அறைந்தது பட்டப்பகலில். டோல் மேம்பாலத்துக்குக் கீழே, பஸ் ஸ்டாப் நிறைய ஜனம் நின்றுகொண்டிருந்த நேரம். அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகு விசாரித்தபோது பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. பெங்களூரில் ஜனத்தொகை கூடிக்கொண்டே போகிறது என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். சாட்சி சொல்ல வேண்டிய நாளில் மட்டும் ஊரே காலியாகிவிடுகிறது.

அவர் கம்பெனி கேப் ஓட்டுகிறவர். ஐ.டி. ஆட்களை வீட்டிலிருந்து அழைத்துவந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் விடுவதும், திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேலை. அன்று யாரோ பெரிய மனிதர் அந்த வழியாகப் போவதாக இருந்தது. சாலையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இறங்க வேண்டிய பெண்ணின் லேப்டாப் பை சீட்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. இவர் இறங்கிப் போய் அதை இழுத்துக் கொடுத்தார். அதற்குள் அறை விழுந்துவிட்டது. அந்தப் பெண் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றாமலே "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். பெரிய மனிதர் கடைசியில் வேறு வழியாகப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன். டி.வி. சத்தம் கூடியது. போனை வலது காதுக்கு மாற்றியிருந்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அப்படி ஆமாம் போட்ட மனிதர் இல்லை என்பதால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

காது டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார். வலது காதுக்கு விரல் எழுந்து எழுந்து இறங்கியது. இடது காதுக்கு அப்படியே மடியில் கிடந்தது. உள்ளே நரம்பு போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

"புகார் கொடுக்கலாம்" என்றேன்.

"வேணாம், உடு" என்றார். "காது போனது போவுது. வேலையும் போவணுமா?"

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. அவர் கம்பெனிக்கு நேரடி ஆள் இல்லை. வண்டிகளை ஒப்பந்தத்துக்கு எடுத்து ஓட்டுகிற ஒரு வெண்டரிடம் வேலை. ஒரு காது கேட்காத டிரைவர் என்று தெரிந்தால் வெண்டரின் சூப்பர்வைசர் அந்த வாரமே சாவியை வாங்கிவிடுவார். அடித்ததை நிரூபிக்க வேண்டுமானால் காது போனதைக் காட்ட வேண்டும். காது போனதைக் காட்டினால் வேலை போகும். மறைத்தால் வேலை நிற்கும், அடி நடக்கவே நடக்காததாகிவிடும். இந்தக் கணக்கை அவர் அன்றைக்கே போட்டுவிட்டார். நான் அக்கவுண்ட்ஸில் வேலை செய்கிறவள், எனக்குப் புரிய நாளாயிற்று.

அதற்கு நடுவில்தான் என் ஆபீஸில் ஒரு பெண் சொன்னாள், போலீஸ் மீது வரும் புகார்களை விசாரிக்கவென்றே ஒரு குழு இருக்கிறது, அதில் போலீஸ் இல்லாதவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், சட்டமே அப்படிச் சொல்கிறது என்று. எனக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. சட்டம் சொல்கிறது என்றால் சட்டென்று நம்பிவிடுகிற ஜாதி நான். அவரைக் கேட்காமலே புகார் எழுதினேன். அடித்தார் என்று எழுதினேன். காது வலிக்கிறது என்று எழுதினேன். காது போய்விட்டது என்பதை மட்டும் எழுதவில்லை, அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். அவரிடம் காட்டினேன். முறைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சில வாரம் கழித்து ஹெப்பகோடியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு போலீஸ் பைக் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு கான்ஸ்டபிள். குழுவின் நோட்டீஸைக் கொண்டுவந்திருந்தார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். அவர் சங்கடமில்லாமல் சொன்னார். அறைந்தவர் வேலை செய்யும் அதே ஸ்டேஷன்.

"குழுவுக்கு ஆள் இல்லம்மா" என்றார். "அவங்க எங்களுக்கு அனுப்புவாங்க, நாங்க கொண்டாந்து கொடுப்போம். அதான் ரூல்."

அதாவது போலீஸ் மேல் புகார் கொடுத்தவருக்கு, உன் புகார் கிடைத்தது என்று சொல்ல, அதே போலீஸ் வீட்டுக்கே வரும். வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும். எத்தனை பேர், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் யார் எல்லாவற்றையும் தண்ணீர் குடித்தபடி கேட்டுக்கொள்ளும். இதை யோசித்துக் கண்டுபிடித்த மூளையைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பாதிப் பேர் நோட்டீஸைப் பார்த்ததுமே புகாரை வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்று கான்ஸ்டபிளே என்னிடம் சொன்னார். அப்படிச் சொன்னது மிரட்டுவதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை குறைகிறதே என்கிற நிம்மதிதான் அவர் குரலில் இருந்தது.

குழு தேதி வைப்பதும் தேதியைத் தள்ளுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கான்ஸ்டபிளே நோட்டீஸோடு வந்தார். முதலில் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் டீயில் சர்க்கரை போட வேண்டாம் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. "மனேலி சார் இதாரா?" என்று, சார் வீட்டில் இருக்கிறாரா என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். என் கணவரை சார் என்று கூப்பிட்ட முதல் போலீஸ்காரர் அவர்தான்.

தெருவில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அடிக்கடி போலீஸ் வருகிற வீடு என்று பெயர் வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா என்னிடம் இரக்கத்தோடு, "பெரிய கேஸாம்மா?" என்று கேட்டாள். நாங்கள்தான் போலீஸ் மேல் கேஸ் கொடுத்திருக்கிறோம் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். மறுநாளிலிருந்து தன் பிள்ளையை சாயங்காலம் என்னிடம் டியூஷனுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். வீட்டு ஓனர் வருஷ அக்ரிமென்டைப் புதுப்பிக்க வந்தபோது கான்ஸ்டபிள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓனர் வாசலோடு திரும்பிப் போய், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னார். கான்ஸ்டபிளே அவரிடம் பேசிச் சமாதானப்படுத்தினார். போலீஸிடமிருந்து எங்களைக் காப்பாற்றிய ஒரே ஆள் போலீஸ்தான் என்று நான் சொன்னபோது என் கணவர் வெகுநேரம் சிரித்தார்.

அவர் சிரித்தது அந்த நாட்களில் அபூர்வம். மற்ற நேரமெல்லாம் பயிற்சிதான். ஒரு காதை மறைத்துக்கொண்டு பிழைப்பதை நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே கற்றோம். சூப்பர்வைசரோடு பேசும்போது எப்படியாவது அவரை வலது பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும். வண்டியில் பின் சீட்டிலிருந்து யாராவது பேசினால் கண்ணாடியில் வாயைப் பார்க்க வேண்டும். இடது பக்கம் வண்டி வருகிறதா என்று இரண்டு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால் முன்னைவிடக் கவனமாகத்தான் ஓட்டினார். பயணிகள் அவருக்கு நல்ல மார்க் போட்டார்கள். அந்த வெண்டரிடம் இருந்த டிரைவர்களில் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறவர் என்று என் கணவரைத்தான் சொன்னார்களாம்.

கடைசியில் ஒரு தேதி நிலைத்தது. முந்தின நாள் நாங்கள் பேசி முடிவு செய்தோம். விசாரணை மூடிய அறையில் நடக்கும், வெளியாள் யாரும் இருக்க மாட்டார்கள். நேராகச் சொல்லிவிடுவது, டாக்டர் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடுவது, வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது. ஒத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை. பிறகு, "அவன் பண்ணது தப்புன்னு எவனாவது ஒருத்தன் வாய்தொறந்து சொல்லட்டும். அது போதும் எனக்கு" என்றார். இத்தனை மாதத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று அவர் சொன்னது அப்போதுதான். எனக்கு அழுகை வந்தது, அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்துபோனேன்.

குழு உட்காரும் அறை ஒரு போலீஸ் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே துப்பாக்கியோடு நின்ற காவலர் என் கைப்பையைச் சோதித்து, யார் மேல் புகார் என்று விசாரித்து, மேலே அனுப்பினார். அறையில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டாமவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர்தான் பொதுமக்கள் பிரதிநிதி. நல்ல பருத்திப் புடவை கட்டிய, முகத்தில் அன்பு வழிகிற ஒரு அம்மையார். எங்களைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆளும் அவர்தான். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி ஜெயித்துவிட்டதுபோல இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் யூனிஃபார்மில் உள்ளே வந்தார். சின்ன வயசு, மீசையை ஒழுங்காக வெட்டியிருந்தார். என் கணவர் சட்டென்று எழுந்து நின்று தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். பழக்கம். கேப் டிரைவருக்குக் காக்கியைக் கண்டால் கால் தானாக நிமிரும். சப்-இன்ஸ்பெக்டரும் "பரவாயில்ல, கூத்கொள்ளி" என்று, நீங்கள் உட்காருங்கள் என்று, பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். புகார்தாரருக்கும் அதிகாரிக்கும் இடையில் பகைமை எதுவும் தென்படவில்லை என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா எழுதிக்கொண்டதைப் பிறகு உத்தரவில்தான் படித்தேன்.

அதுவரைகூடச் சரி. சப்-இன்ஸ்பெக்டருக்குப் பின்னாலேயே வெண்டரின் சூப்பர்வைசரும் உள்ளே வந்து நின்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் தன் தரப்பு சாட்சியாக அவரை அழைத்திருந்தார். இந்த ஆள் அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாளும் லீவு போடாமல் வண்டி ஓட்டுகிறார், காது வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று சூப்பர்வைசர் சொல்ல வேண்டும். சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "ரொம்ப நல்ல டிரைவர் சார். மெதுவாச் சொன்னாக்கூடப் புரிஞ்சுக்குவாரு" என்று கூடுதலாகவே ஒரு சர்டிபிகேட் கொடுத்தார். சொல்லி முடித்து வெளியே போவார் என்று பார்த்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு அங்கேயே நின்றார்.

தலைவர் என் கணவரிடம் திரும்பினார். "மெடிக்கல் ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

ரிப்போர்ட் என் மடியில், கைப்பைக்குள் இருந்தது. என் கணவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். கெஞ்சல் இல்லை, கண்டிப்பு. "எடுக்கல சார்" என்றார். என் கை பையின் ஜிப்பின் மேல் இருந்தது. அப்படியே இருந்தது.

"அப்போ காதுக்கு என்னதான் ஆச்சு?" என்று ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி முதல் முறையாக வாய்திறந்தார். என் கணவர் சுவர்ப் பக்கம் ஒரு முறை பார்த்தார். கேட்கிறது என்று சொன்னால் இத்தனை மாதம் நடந்தது எதற்கு? கேட்கவில்லை என்று சொன்னால் சுவரோரம் நிற்பவர் காதில் விழும். அந்த அறையில் எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்டது, அவர் ஒருவரைத் தவிர.

அம்மையாருக்கு ஒரு யோசனை வந்தது. நாமே பார்த்துவிடலாமே என்றார். தலைவருக்கும் பிடித்துப்போனது, மதிய சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வலது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொள்ளச் சொன்னார்கள். அம்மையார் எழுந்து அவருக்கு இடது பக்கமாக, கொஞ்சம் பின்னால் போய் நின்றார். வாயசைவு தெரியக் கூடாது என்று ஒரு ஃபைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல இருந்தது. கஷ்டமான கேள்வி கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தார்போல. கன்னடத்தில், ரொம்ப மெதுவாக, "நீவு யாவ ஊரு?" என்று கேட்டார். நீங்கள் எந்த ஊர் என்று.

பின் பெஞ்சில் இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

என் கணவர் தலைவரைப் பார்த்தார். பிறகு தெளிவாக, "திருப்பத்தூர் பக்கம், மேடம்" என்றார்.

அம்மையாருக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஃபைலை இறக்கிவிட்டு, கடவுள் புண்ணியத்தில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு கேள்வியே போதும் என்று தலைவர் ஃபைலை மூடினார். சூப்பர்வைசர் என் கணவரின் தோளில் தட்டினார். எல்லோருக்கும் திருப்தியான ஒரு விசாரணையை நான் அன்றுதான் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது நான் அவரோடு பேசவில்லை. எனக்குள் ஒரு சனியன் புகுந்துகொண்டது. அவ்வளவு மெதுவாகக் கேட்டது எப்படி விழுந்தது? காது எப்போதோ சரியாகிவிட்டதா? சரியானதை என்னிடம் மறைத்துவிட்டாரா? கண்ணாடி அறைக்குள் விரலைத் தூக்கியதும் தூக்காததும் அவர் விருப்பம்தானே, டாக்டரே அவர் விரலைப் பார்த்துத்தானே எழுதினார்? நான் இத்தனை மாதம் தெருவிலும் ஆபீஸிலும் பெயரைக் கெடுத்துக்கொண்டு சண்டை போட்டது ஒரு நல்ல காதுக்காகவா? கேட்டால் தீர்ந்துபோகும் சந்தேகம். கேட்கத்தான் பயமாக இருந்தது. அவர் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு, வேண்டுமென்றே, சின்னக் குரலில் திட்டிப் பார்த்தேன். ஜன்னல் வழியே சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டும் கேட்காததுபோல இருக்கிறாரோ என்று அதற்கும் கோபம் வந்தது.

வீட்டில் அந்தச் சந்தேகத்தோடேயே நாட்கள் ஓடின. சாதம் போடுவேன், பேச மாட்டேன். பிறகு உத்தரவு வந்தது. கொண்டுவந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, "முடிஞ்சிடுச்சில்ல, ஒள்ளேதாயித்து" என்றார் கான்ஸ்டபிள், நல்லதாகப் போயிற்று என்று. இனி வர வேலையில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. புகார்தாரரின் செவித்திறன் இயல்பாக இருப்பதைக் குழு நேரில் கண்டறிந்தது, ஆகவே தாக்கப்பட்டதாகச் சொல்வது நிரூபிக்கப்படவில்லை. உத்தரவின் சாரம் அவ்வளவுதான்.

அதைச் சூப்பர்வைசர் கேட்டு வாங்கி ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். டிரைவர்களுக்கு வருஷா வருஷம் உடல் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு நீதிபதியே பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட காது, அதற்குமேல் எந்த டாக்டர் வேண்டும் என்றாராம். என் கணவருக்கு நல்ல ரூட்டாகப் பார்த்துக் கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானம் ஷிஃப்டுக்குக் கிளம்ப அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தம்மா கேட்டது உங்களுக்குக் கேட்டுதா, இல்லயா?"

"எங்க கேட்டுது?" என்றார், சாதத்தைப் பிசைந்துகொண்டே. "ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

"அந்த ஜட்ஜு பெரியவரு என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாரு. சரி, கேட்டுட்டாங்கன்னு தெரிஞ்சுது. சூப்பர்வைசர் வேற நிக்கிறான், எதனா ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி எடத்துல நம்மள நிக்க வச்சா வேற இன்னா கேப்பாங்க? இத்தினி வருஷமா எல்லாரும் மொதல்ல கேக்கறது ஒண்ணுதானே. அதுக்குப் பதில் சொன்னேன்."

பிள்ளைகள் இரண்டும் பிறந்தது இந்த ஊரில். அவர் எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, ஞாபகம் வந்தவர்போல என் பக்கம் வலது காதைத் திருப்பினார்.

"ஆமா, அந்தம்மா அன்னிக்கு இன்னாதான் கேட்டாங்க?"

"அதையேதான் கேட்டாங்க" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.